“பரீட்சைக்கு வராது, உட்கார்”

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடுதியோடு பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வேதியியல் வாத்தியார். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு உங்களில் ஒருவருடைய விடுதிப் பள்ளியில் 3 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற எல்லோரும் ‘அது அவங்க கதை’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இப்போது எழுதக் காரணம் பதினொன்றாம் வகுப்பு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போய்விட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கத்தான் எடுத்தார்கள், நல்லது. ஆனால் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்து, இரண்டு வருடமும் அதையே அரைத்துக் கொடுத்த பள்ளிகளால் வந்தது. அந்தப் பெயர் நாமக்கல்லுக்கு முதலில் கிடைத்தது என்றாலும் நம் இரண்டு மாவட்டங்களும் வெகுதூரம் பின்தங்கிவிடவில்லை. 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. மறு ஆண்டிலிருந்தே கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று ஆகிவிட்டாலும், பாஸ் பண்ணியாக வேண்டும் என்ற பயமாவது மிச்சம் இருந்தது. ஆக, ஏழெட்டு வருடம் பதினொன்றாம் வகுப்பைக் காப்பாற்றியது ஒரு பூட்டு. பூட்டை இப்போது எடுத்துவிட்டார்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

கேட்பதற்கு முன்னால் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விடுதிப் பள்ளியில் ஒரு நாள் ஹாலஜன்கள் நடத்திக்கொண்டிருந்தேன். தனிமங்களிலேயே எலக்ட்ரான் கவர்தன்மை அதிகம் உள்ளது ஃபுளூரின், மதிப்பு 4.0, ஒரு மார்க் கேள்வி. மூன்று முறை சத்தமாகச் சொல்லவைத்தேன். பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். பேசும்போது கையை வாய்க்கு முன்னால் கொண்டுபோகிற பழக்கம் அவனுக்கு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

“சார், எங்க ஊர்ல நெறையப் பேருக்குப் பல்லு கறையாத்தான் இருக்கு. அதுவும் இந்த ஃபுளூரினாலதானாம். நெஜமா சார்?”

போர்ஷன் முடிக்க ஒன்பது நாள் இருந்தது. “அது பரீட்சைக்கு வராது, உட்கார்” என்றேன்.

உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. வேதியியலில் சென்டம் வாங்கினான். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்த அந்த ஃபிளெக்ஸில் அவன் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான்.

அவன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. நம் மாவட்டங்களின் தரைக்கு அடியில் இருப்பது கிரானைட்டும் அதைப் போன்ற பழைய பாறைகளும். மேலே வெட்டி எடுத்துப் பாலிஷ் போட்டால் ஏற்றுமதி, கீழே தண்ணீரில் ஊறினால் ஃபுளூரைடு. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரின்தான் ஃபுளூரைடு வடிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். குறைந்த அளவில் பல்லுக்கு நல்லது செய்கிற அதே பொருள், அளவு மீறினால் ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதிலேயே எனாமலைக் கெடுத்துவிடுகிறது. பழுப்புக் கறையோடுதான் பல் முளைக்கிறது. எந்தப் பற்பசையாலும் அது போகாது. இன்னும் பல வருடம் அதே தண்ணீரைக் குடித்தால் எலும்பில் படிந்து முதுகையும் மூட்டையும் இறுக்கிவிடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு அங்கேயே இருக்கும், செறிவு கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நமக்கு வந்ததே இதற்காகத்தான். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் என்ற சொல் இருக்கிறது, இந்தப் பல், எலும்பு நோயின் பெயர் அதுதான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. குடிநீரில் ஃபுளூரைடு பற்றிய பாடம் நம் பாடநூலிலேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் கடைசிப் பாடம், சுற்றுச்சூழல் வேதியியல். எந்த வகுப்பை விழுங்குகிறோமோ அந்த வகுப்பின் கடைசிப் பாடம். நடத்துகிற பள்ளிகளிலும் நேரம் போதாமல் ‘நீங்களே படிச்சுக்கோங்க’ என்று விடப்படும் பாடம். பையனின் வாயில் இருந்த பதில் அவன் புத்தகத்திலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். நான் அவனை உட்காரச் சொன்னேன்.

எனக்குத் தெரியாமல் செய்ததல்ல என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. பல வருடங்களுக்கு முன்பு பென்னாகரம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இருந்தபோது, பிளஸ் ஒன் பிள்ளைகளை வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கென்று ஒரு சின்னப் பெட்டி கிடைத்திருந்தது. சிர்கோனியம் கலந்த ஒரு சாயக் கரைசலைச் சில சொட்டு விட வேண்டும். ஃபுளூரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும், கூடக்கூட மஞ்சளுக்கு மாறும். சாயத்தின் கையில் இருக்கும் சிர்கோனியத்தை ஃபுளூரைடு பிடுங்கிக்கொள்வதால் நடக்கும் மாற்றம். அணைவுச் சேர்மங்கள் என்று பிளஸ் டூவில் தலையைச் சுற்றவைக்கும் பாடம் இருக்கிறதே, அது கண்ணெதிரே நடந்தது. முப்பத்தி இரண்டு பாட்டில்களையும் ஜன்னல் ஓரமாக வரிசையாக வைத்தோம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். தெருவாரியாக நிறம் மாறியது. ஒரே தெருவில் கிணற்றுத் தண்ணீர் ஒரு நிறம், போர் தண்ணீர் வேறு நிறம். வகுப்பில் சத்தமே இல்லை.

ஒரு பெண் கேட்டாள்: “சார், எனக்கு முளைச்ச பல்லு முளைச்சதுதான். என் தம்பிக்கு மூணு வயசு. அவனுக்கு இன்னும் டைம் இருக்கில்ல?”

இருக்கிறது என்றேன். நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கிற வயது அது. அன்றிலிருந்து தம்பிக்கு மட்டும் வேறு தண்ணீர், தினமும் ஒரு குடம், முக்கால் கிலோமீட்டர் நடந்து கொண்டுவந்தாள். பாட்டி திட்டினாராம், நம்ம போர் தண்ணியில என்ன குறை, இவ்வளவு காலம் குடிக்கலையா என்று. பாட்டிக்கு முதுகு நிமிராது. அந்தப் பெண் அவரிடம் வாதாடவில்லை. அடுத்த நாள் என்னிடம் வந்து சோதனைக் கரைசல் கொஞ்சம் கேட்டாள், பாட்டிக்குக் காட்ட. அவள் பிளஸ் டூவில் வேதியியலில் எத்தனை மார்க் வாங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. சென்டம் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

கல்வியில் அர்த்தம், மாணவர் நலம், முழுமையான வளர்ச்சி என்று இப்போது நிறையப் பேசுகிறோம். நீங்களும் உங்கள் கையேட்டில் அச்சடிக்கிறீர்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் அதற்கென்று மாதம் ஒரு பேச்சாளரைக் கூட்டிவருவார்கள். அவர் இரண்டு மணி நேரம் கத்துவார், பிள்ளைகளை அழவைப்பார், அம்மா அப்பாவின் தியாகத்தைச் சொல்லிக் காலில் விழச் சொல்வார். அழுது முடித்ததும் ஸ்லிப் டெஸ்ட். அர்த்தம் என்பது வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்து மேலே பூசுகிற பொருளா? படிக்கிற பாடம் தன் வீட்டுக் குடத்தைத் தொடுகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிற நொடியில் அது தானாக உண்டாகிறது. ஜன்னல் ஓரத்தில் அதை முப்பத்தி இரண்டு முறை பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலரைக்கு மணி. ஐந்து மணிக்கு ஸ்டடி. இரவு பத்தரை, பதினொன்று வரை ஸ்டடி. நடுவில் பி.இ.டி பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிடுகிறோம், அந்தக் கடன் எந்த வருடமும் திரும்பி வந்ததில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் விடுதிகளில் ஐந்தரை, ஆறு. பகலில் படித்ததை மூளை அடுக்கிவைப்பது தூக்கத்தில்தான் என்பதைக்கூட விடுங்கள், அதையும் மார்க்குக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். காலை ஐந்து மணிக்கு ஸ்டடி ஹாலில் சுவரோரம் நின்றபடியே தூங்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள் என்று நிற்கவைத்திருந்தார்கள். வார்டனைக் குறை சொல்ல மாட்டேன், அந்த அம்மாவும் நின்றுகொண்டேதான் தூங்கினார்.

அப்புறம் சாப்பாடு. கேழ்வரகுக் களி நம் ஊர்ச் சாப்பாடு. சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஃபுளூரைடு உள்ள ஊர்க்காரர்கள் கால்சியமும் வைட்டமின் சி-யும் நிறையச் சேர்க்க வேண்டும் என்பது அரசின் ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டமே சொல்கிற யோசனை. கேழ்வரகும் நெல்லியும், யோசித்துப் பாருங்கள். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையை ஆண்டு விழாவில் நாடகமாகப் போடுகிற ஊரில், மெஸ்ஸில் ஒரு நெல்லிக்காய் கிடையாது. கேட்டதற்கு, களி போட்டால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள், இதற்கா இவ்வளவு ஃபீஸ் என்பார்கள் என்று மேலாளர் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான். களியிலிருந்து தப்பிக்கத்தான் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கேதான் நான் உங்கள் பக்கமும் கொஞ்சம் வர வேண்டும். பெற்றோரை நான் அறிவேன். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. பெங்களூரில் கட்டட வேலை செய்து, கரும்பு வெட்டி, மாந்தோப்புக் குத்தகையில் கடன்பட்டு உங்களுக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள். மார்க் என்கிற ஏணி ஒன்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. என் குடும்பமும் அதில் ஏறித்தான் வந்தது. ஒரு வீட்டில் ஒரு பெண் நர்ஸ் ஆனால் அந்தத் தெருவே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மார்க் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, சொல்லவும் மாட்டேன். நீட் வந்த பிறகு உங்கள் நெருக்கடி இரட்டிப்பானதும் தெரியும். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நீட் தேர்வில் பாதிக் கேள்விகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்துதானே வருகின்றன? அந்த வகுப்பை விழுங்கிவிட்டு, பிறகு அதையே கிராஷ் கோர்ஸ் என்று தனிக் காசுக்கு விற்கும் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னொரு சந்தேகமும் வரும். ஒரு தமிழாசிரியர் என்னிடம் நேராகவே கேட்டார்: “கிணறு, களி, குடம்னு பேசுறீங்களே, இது குலக்கல்வி மாதிரி ஆகிடாதா?” நல்ல கேள்வி. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறக்கப் போவதில்லை. காமராஜர் வந்து 1954-இல் அதை எடுத்தார், நாம் எல்லாம் படித்தோம். நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. பிள்ளையைக் கிணற்றடிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, கிணற்றை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். அப்பா செய்ததையே செய் என்பது குலக்கல்வி. அப்பா குடித்த தண்ணீரில் என்ன இருந்தது என்று பார் என்பதில் எந்தக் குலம் வருகிறது?

தமிழாசிரியர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பணக்காரன் பிள்ளை கணினி படிக்கும், நம் பிள்ளை தண்ணீர் சோதிக்கும், அப்படித்தானே முடியும் என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் இதை அரசுப் பள்ளிகளுக்கு எழுதாமல் ஃபீஸ் வாங்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பவை பெரிதாக எதுவும் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தைப் பிளஸ் ஒன்னில் நடத்துங்கள், கடைசிப் பாடம் உட்பட. இப்போது அந்த வருடத்தின் முடிவில் பொதுத்தேர்வு இல்லை. உங்கள் கையில் ஒப்பிக்கத் தேவையில்லாத ஓர் ஆண்டு இருக்கிறது. இத்தனை வருட வாத்தியார் வேலையில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள், காலை ஆறுக்கு முன் மணி அடிக்காதீர்கள். ஆறு மாதம் செய்து பாருங்கள், மார்க் குறைந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள். பி.இ.டி பீரியடைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அந்த ஆசிரியரின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருகிற நேரத்தையும் கொஞ்சம் நீட்டுங்கள். புளியமரத்தடியில் டிபன் கேரியரைத் திறந்து, பிரியாணியைப் பிசைந்து ஊட்டி முடிப்பதற்குள் விசில் அடிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா கேட்பது ‘எத்தனை மார்க்’, பிள்ளை சொல்வது ‘நல்லாத்தான் இருக்கேன்’. மூன்று மணி நேரம் கொடுத்துப் பாருங்கள், இரண்டாவது மணி நேரத்தில்தான் உண்மை வெளியே வரும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு முறை பேருந்து வேலைநிறுத்தத்தால் பெற்றோர்கள் சாயங்காலம் வரை மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் திங்கட்கிழமை, ஐந்து பேர் குரூப் மாற்றிக் கேட்டார்கள். மேலாளர் அதை ஒரு விபத்து என்றார்.

சனிக்கிழமை மதியம் ஒன்றை மட்டும் எனக்குத் தாருங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, அரூரோ ஊத்தங்கரையோ தேன்கனிக்கோட்டையோ, பஸ் ஏறி வந்துவிடுவேன். சம்பளம் வேண்டாம். சோதனைப் பெட்டி என்னிடம் இருக்கிறது, கரைசல் காலாவதி ஆகாமல் வாங்கி வைத்திருக்கிறேன். லீவுக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளைத் திரும்பி வரும்போது வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊர் பெயர், கிணறா போரா குழாயா, போர் என்றால் எத்தனை அடி, இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டட்டும். முந்நூறு பிள்ளைகள் உள்ள விடுதி என்றால் முந்நூறு ஊர்த் தண்ணீர். ஒரு பெரிய சுவரில் இரண்டு மாவட்ட வரைபடத்தை ஒட்டி, நிறம் நிறமாகப் புள்ளி வைப்போம். ஃபிளெக்ஸை விட அதை வாசலில் வைக்கலாம் என்பது என் ஆசை, உங்கள் விருப்பம்.

அந்தப் பையன் இப்போது பொறியியல் படிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். நான் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. இதை அவன் படித்தால்: நிஜம்தான்ப்பா, உங்க மாமாவோ யாரோ சொன்னது சரி. எழுந்து கேட்டதற்கு நன்றி.

தாளாளர்களே, பாட்டில் விஷயத்தில் ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில்தான் கொண்டுவர வேண்டும், கண்ணாடி வேண்டாம். ஏன் சார் கண்ணாடி வேண்டாம் என்று யாராவது எழுந்து கேட்டால், நான் வரும்வரை அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வேதியியல் வாத்தியார்,
தருமபுரி